ஆயிரம் கஜ இலக்கு: நெடுந்தொலைவுத் துப்பாக்கிச் சுடுதலின் தொடக்கமும் ஆயுத உரிமையும் (செஞ்சி, விழுப்புரம் வட்டாரத்தை முன்வைத்து)

முன்னுரை

நெடுந்தொலைவு இலக்கைத் துப்பாக்கியால் சுடும் விளையாட்டைப் புதிதாகக் கற்போர்க்கென எழுதப்பட்ட கையேடுகள் பெரும்பாலும் உடலிலிருந்தே தொடங்குகின்றன. குப்புறப் படுக்கும் முறை, இடக்கையில் வாரை இறுக்கும் முறை, மூச்சை நிறுத்தும் கணம், விசையை அழுத்தும் விரல் என அவை வரிசைப்படுத்தும். துப்பாக்கியும் திடலும் கற்பவர்க்கு முன்னரே வாய்த்துவிட்டன என்பது அக்கையேடுகளின் சொல்லப்படாத எடுகோள். தமிழகத்தில் இக்கலை நுழைந்த வரலாற்றை நோக்கின் அந்த எடுகோள் நிற்பதில்லை. யார் எவ்வகைக் குழலை ஏந்தலாம், எத்தனை கஜம் வரை சுடலாம் என்பதை இங்கு நெடுங்காலம் அரசாணைகளே முடிவு செய்தன. கண்ணும் கையும் பின்னரே வந்தன.

இக்கட்டுரை அவ்வரலாற்றைத் திருவாமாத்தூரை நடுவிடமாகக் கொண்டு ஆராய்கிறது. விழுப்புரத்துக்கு வடமேற்கே பம்பையாற்றங்கரையில் உள்ள இச்சிற்றூர் மூவராலும் பாடப்பெற்ற தலம். துப்பாக்கி வரலாற்றுக்கும் தேவாரத் தலத்துக்கும் என்ன தொடர்பு என்னும் வினா எழுவது இயல்பு. வடமேற்கே செஞ்சிக் கோட்டை, வடகிழக்கே திண்டிவனமும் பெருமுக்கல் மலையும், கிழக்கே பிரெஞ்சுப் புதுச்சேரி, அருகிலேயே தென்னிந்திய ரயில்வேயின் பெருஞ்சந்திப்பான விழுப்புரம் ஆகிய நான்கும் சூழ்ந்த நிலப்பகுதி இது. திரித்துப்பாக்கியிலிருந்து ரைஃபிள் வரையிலான மாற்றத்தின் ஒவ்வொரு கட்டமும் இவ்வட்டத்துக்குள்ளோ அதன் விளிம்பிலோ தடம் பதித்துள்ளது. கூடுதலாக ஒரு காரணமும் உண்டு. அது ஒரு புலவரைப் பற்றியது. உரிய இடத்தில் வரும்.

சொல்லும் தொலைவும்

'துப்பாக்கி' என்னும் சொல் துருக்கிய மூலமுடையது. இந்திய மொழிகள் பலவற்றில் திரிந்து வழங்குவது. குழலின் பின்னுள்ள மரக்கட்டையைக் 'குந்தா' என்றதும் வேற்றுமொழி வரவே. ஆனால் கருவி நம்மவர் கையில் புழங்கத் தொடங்கியதும் சொற்களும் நம்முடையவாயின. மருந்தையும் குண்டையும் குழலுக்குள் இடித்து இறுக்குதல் 'கெட்டித்தல்' எனப்பட்டது. தட்டி நெருப்பு மூட்டும் உறுப்புக் 'குதிரை' ஆயிற்று; தம்புராவில் நரம்பைத் தாங்கும் உறுப்புக்கும் அதுவே பெயர். வெடிப்பொடி 'மருந்து' ஆனது. உழவனும் காவற்காரனும் புழங்கிய சொற்கள் இவை. அரண்மனை அகராதியிலிருந்து வந்தவையல்ல.

தொலைவைக் குறிக்கும் தமிழ்ச் சொற்களையும் இவற்றுடன் வைத்து நோக்கவேண்டும். கல்லெறி தூரம், கூப்பிடு தூரம், கண்ணுக்கெட்டிய தூரம் என்பன மனித உடலின் ஆற்றலை அளவுகோலாகக் கொண்டவை. புறநானூறு போற்றும் வல்வில் ஓரியின் வில்லாற்றல், ஒரே அம்பு பல விலங்குகளை ஊடுருவிச் சென்றதில் விளங்குகிறது. எவ்வளவு தொலைவிலிருந்து எய்தான் என்பது அங்கே பேசப்படுவதில்லை. வேகமும் ஊடுருவலுமே வீரத்தின் அளவைகள். தொலைவைத் தனியே அளந்து அதையே போட்டியின் பொருளாக்குவது 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் எழுந்த ஒரு புதுமை.

செஞ்சி நாட்டின் திரித்துப்பாக்கி

இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் ஆகிய மூன்று குன்றுகளையும் மதிலால் இணைத்த செஞ்சிக் கோட்டை 1690 முதல் 1698 வரை முகலாயப் படையின் முற்றுகையைத் தாங்கியது. சுல்பிகார் கான் தலைமையிலான அப்படைக்குப் பீரங்கிகள் குறைவில்லை. இருந்தும் எட்டாண்டுகள் சென்றன. உயரத்தில் இருப்பவனுக்கே தொலைவு துணைசெய்யும் என்பதற்கு இராஜகிரியின் செங்குத்தான பாறை நற்சான்று. 1750 செப்டம்பரில் புஸ்ஸி தலைமையிலான பிரெஞ்சுப் படை இதே கோட்டையை ஓர் இரவுக்குள் கைப்பற்றியபோது நிகழ்ந்ததோ நேரெதிரானது. இருளைப் பயன்படுத்தி நெருங்கிச் சென்றதே அங்கே வெற்றியாயிற்று. மேலிருந்து சுடுவோரின் தொலைவுப் பயன் இருளில் கெட்டது.

அக்காலத் திரித்துப்பாக்கியின் குழல் உட்புறம் வழவழப்பானது. குண்டு குழலுக்குள் சற்றுத் தளர்வாகவே இருக்கும். வெளியேறும்போது எந்தப் பக்கம் உரசி வந்ததோ அதற்கேற்ப விலகும். நூறு கஜத்துக்கு அப்பால் ஒரு மனிதனைக் குறிவைத்துச் சுடுவது தற்செயலை நம்புவதாகும். ஆயினும் நீண்ட குழலும், பாறையிலோ மரக்கவையிலோ தாங்கிச் சுடும் பொறுமையும் உடைய பாளையக்காரர் படைகளின் திரித்துப்பாக்கி அற்பமான கருவியன்று. அதைவிடப் பெரிய சுழல்துப்பாக்கியான 'ஜஞ்சால்' கோட்டைச் சுவர்களிலிருந்து மேலும் தொலைவு சென்றது.

இப்பயிற்சி மரபு எவ்வாறு அறுந்தது என்பதற்கு ஒரு நாளைக் குறிப்பிட முடியும். மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டபின், 1801 டிசம்பர் 1 அன்று சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் வெளியிட்ட அறிக்கை, தென்பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பதையும் புழங்குவதையும் ஒடுக்கியது. கோட்டைகள் இடிக்கப்பட்டன, துப்பாக்கிகளும் ஈட்டிகளும் பறிக்கப்பட்டன. ஆர்க்காட்டுப் பகுதி அவ்வாண்டிலேயே கம்பெனியின் நேரடி ஆட்சிக்குள் வந்தது. கால்நூற்றாண்டுக்குள், தந்தை கையில் கண்ட கருவியை மகன் தொட்டறியாத நிலை ஏற்பட்டிருக்கும் என்று கருதலாம். சுடும் திறன் ஏட்டில் எழுதிவைத்துக் காக்கக்கூடியது அன்று.

புரிவரிக் குழலும் விம்பிள்டன் திடலும்

ரைஃபிள் என்பது குழலின் உட்சுவரில் திருகுபுரிபோல் வெட்டப்பட்ட வரிகளால் பெயர் பெற்றது. இவ்வரிகள் குண்டைப் பிடித்துச் சுழற்றுகின்றன. சுழலும் பம்பரம் சாயாதிருப்பதுபோல், சுழலும் குண்டு முனை மாறாமல் காற்றைக் கிழித்துச் செல்லும். புரிவரி பழைய கண்டுபிடிப்பே. ஆனால் குண்டைக் கெட்டிப்பதில் இருந்த கடினத்தால் போர்க்களத்துக்கு அது உதவவில்லை. சுடும்போது விரிந்து வரிகளைக் கவ்விக்கொள்ளும் குண்டு 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமைக்கப்பட்ட பின்னர் நிலைமை மாறியது. 1853ஆம் ஆண்டின் என்ஃபீல்டு ரைஃபிளில் பல நூறு கஜம் வரை ஏற்றியிறக்கக்கூடிய குறிகாட்டி பொருத்தப்பட்டது. ஒரு சாதாரணப் படைவீரனுக்கு அத்தொலைவு கைவந்தது அதுவே முதன்முறை.

கருவி வந்ததும் கல்வி வந்தது. இங்கிலாந்தின் ஹைத் என்னும் ஊரில் 1853இல் தொடங்கப்பட்ட துப்பாக்கிப் பயிற்சிப்பள்ளி, சுடுவதற்கு முன் தொலைவை மதிப்பிடக் கற்பித்தது. 1859இல் தேசிய ரைஃபிள் சங்கம் தோன்றியது. 1860 ஜூலை 2 அன்று விம்பிள்டன் திடலில் விக்டோரியா அரசி, தாங்கியில் பொருத்தப்பட்ட விட்வொர்த் ரைஃபிளின் விசையைப் பட்டுக்கயிற்றால் இழுத்து, 400 கஜத்திலிருந்த இலக்கைச் சுட்டுப் போட்டியைத் தொடங்கிவைத்தார். 1862இல் எல்கோ கேடயத்துக்கான போட்டி 800, 900, 1000 கஜங்களில் நடந்தது. 1874இல் அமெரிக்காவின் கிரீட்மூர் திடலில் அயர்லாந்து அணியை அமெரிக்க அணி 934க்கு 931 என்னும் புள்ளிக்கணக்கில் வென்றது. அயர்லாந்து வீரர் ஒருவர் தவறுதலாகப் பக்கத்து இலக்கைச் சுட்டுப் பூச்சியம் பெற்றது அத்தோல்வியின் காரணங்களுள் ஒன்று. இன்றும் தொடக்கநிலை மாணவர்க்கு முதலில் கற்பிக்கப்படுவது, விசையைத் தொடுமுன் இலக்கின் எண்ணைச் சரிபார்க்கும் பழக்கமே.

இப்போட்டிகளின் பரிசுகளுள் ஒன்று இந்தியப் பெயருடையது. கோலாப்பூர் அரசர் பெயரால் வழங்கப்பட்ட கோப்பைக்கு 1871 முதல் பிரித்தானிய, குடியேற்ற நாட்டு அணிகள் போட்டியிட்டன. வெள்ளிக்கோப்பையை வழங்க இந்திய அரசர்க்குத் தடையிருக்கவில்லை. அதே ஆண்டுகளில் இந்தியச் சிப்பாய்க்கு எந்தக் குழல் தரப்பட்டது என்பதை அடுத்துக் காண்போம்.

வரிகள் நீக்கப்பட்ட குழல்

1857 எழுச்சியில் என்ஃபீல்டு ரைஃபிளின் கொழுப்புத் தடவிய தோட்டா வகித்த பங்கு பள்ளிப் பாடநூல்கள் வரை சென்றுள்ளது. அதன்பின் அந்த ரைஃபிளுக்கு நேர்ந்தது பரவலாக அறியப்படவில்லை. எழுச்சி அடங்கியதும் இந்தியப் படையினர்க்கென என்ஃபீல்டு துப்பாக்கியின் தோற்றமும் எடையும் மாறாமல், உட்குழலின் புரிவரிகள் மட்டும் நீக்கப்பட்ட வடிவம் உருவாக்கப்பட்டது. ஏற்றியிறக்கும் நெடுந்தொலைவுக் குறிகாட்டிக்குப் பதிலாக எளிய நிலையான குறிகாட்டி வைக்கப்பட்டது. வெளியிலிருந்து பார்ப்பவர்க்கு இரு துப்பாக்கிகளும் ஒன்றே. ஒன்று 800 கஜம் செல்லும். மற்றது 100 கஜத்தில் தடுமாறும்.

சென்னைப் படை பெரும்பாலும் எழுச்சியில் பங்குகொள்ளவில்லை. ஆயினும் ஆயுதக் கொள்கையின் நோக்கம் இந்தியச் சிப்பாய் அனைவரையும் பற்றியதாகவே இருந்தது. ஆர்க்காட்டு, தஞ்சை மாவட்டங்களிலிருந்து சேர்ந்த தமிழ்ச் சிப்பாய்கள் விசுவாசத்துக்குப் பெற்ற பாராட்டு வேறு, கையில் பெற்ற குழல் வேறு. பிரித்தானிய வீரர்கள் மார்ட்டினி-ஹென்றிக்கு மாறிய காலத்தில் இந்தியர்க்கு ஸ்னைடர் வந்தது. அவர்கள் லீ-மெட்ஃபோர்டுக்கு மாறியபோது இந்தியர்க்கு மார்ட்டினி-ஹென்றி வந்தது. ஒரு தலைமுறை பின்தங்கியே இந்தியர் ஆயுதம் இருக்கவேண்டும் என்பது எழுதப்பட்டும் எழுதப்படாமலும் பின்பற்றப்பட்ட விதி. ஆட்சியாளர் பங்கிட்டளித்த பொருள்களுள் தொலைவும் ஒன்று என்பதற்கு, பெருநூல்களின் வாதங்களைவிட அந்த வரிநீக்கிய குழலே எனக்குத் தெளிவான சான்றாகப்படுகிறது.

1878: உரிமமும் அந்தாதியும்

குடிமக்கள் நிலையை 1878ஆம் ஆண்டின் இந்திய ஆயுதச் சட்டம் வரையறுத்தது. உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருத்தல் குற்றமாயிற்று. சட்டத்தின் வாசகத்தைவிட அதன் விலக்குகளே பெரும் புண்பாட்டை ஏற்படுத்தின: ஐரோப்பியர், ஆங்கிலோ-இந்தியர் முதலியோர்க்கு விலக்கு, பட்டம் பெற்ற சில இந்தியர்க்கும் விலக்கு, ஏனையோர் மாவட்ட நிருவாகத்தின் கருணையை நாடவேண்டும். பயிரழிக்கும் காட்டுப்பன்றியை விரட்ட உழவன் ஒரு துப்பாக்கி வேண்டின், அவன் நன்னடத்தையை அதிகாரிகள் விசாரிப்பர். அவன் நிலத்துக்கருகே முகாமிட்டு வேட்டையாடும் ஐரோப்பியர்க்கு அவ்விசாரணை இல்லை.

ஆப்கானிஸ்தான் எல்லையில் ரஷ்யப் படை முன்னேறியதால் 1885இல் போரச்சம் எழுந்தது. அப்போது சென்னை, கல்கத்தா முதலிய நகரங்களில் படித்த இந்தியர் தொண்டர் துப்பாக்கிப்படைகளில் சேர விண்ணப்பித்தனர். அரசு இக்கோரிக்கையைக் கொள்கையளவில் ஏற்கவில்லை. 1887 டிசம்பரில் பத்ருதீன் தியாப்ஜி தலைமையில் சென்னையில் கூடிய மூன்றாம் காங்கிரஸ், ஆயுதச் சட்டத்தைத் திருத்தக்கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. இளைஞரான பிபின் சந்திர பால் அச்சட்டத்தை எதிர்த்துப் பேசிய உரை அக்கூட்டத்தில்தான் நிகழ்ந்தது. சட்டம் மக்கள்மேல் சுமத்திய அவநம்பிக்கையே தீர்மானத்தின் மையக் குறையாக இருந்தது.

முன்னுரையில் குறித்த புலவர் இக்காலத்தவர். 'அறுவகை இலக்கணம்' செய்த வண்ணச்சரபம் தண்டபாணி சுவாமிகள் திருவாமாத்தூரில் மடம் அமைத்துத் தங்கி, 1898இல் அங்கேயே மறைந்தார். முருக வழிபாட்டில் ஊன்றியவர், கொல்லாமையை வற்புறுத்தியவர். அவரே 'ஆங்கிலியர் அந்தாதி' பாடியவரும் ஆவார். துப்பாக்கியைத் தொடும் எண்ணம் அவருக்கு இருந்திருக்க இயலாது. எனினும் ஆயுதச் சட்டக் காலத்து எதிர்ப்பு எத்தனை வடிவங்களில் வெளிப்பட்டது என்பதற்கு இத்துறவி ஓர் எல்லை. சென்னைப் பந்தலில் தீர்மானமாக எழுந்த எதிர்ப்பு, பம்பைக் கரையில் தெய்வத்திடம் முறையிடும் செய்யுளாக எழுந்தது. கிழக்கே சில கல் தொலைவில் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியில், 1910க்குப் பின் வ.வே.சு. ஐயர் இளைஞர்க்குக் கைத்துப்பாக்கிப் பயிற்சி அளித்தது மூன்றாம் வடிவம். ஆனால் அது நெருங்கிச் சுடும் கலை, மறைவில் கற்கக்கூடியது. ஆயிரம் கஜத் திடலை மறைத்துவைக்க முடியாது. நெடுந்தொலைவுச் சுடுதல் அரசின் இசைவின்றி எங்கும் வேரூன்ற இயலாமைக்கு இவ்வெளிப்படைத் தன்மையே முதற்காரணம்.

இருப்புப்பாதை வழியே வந்த விளையாட்டு

தமிழகச் சிறுநகரங்களுக்கு ரைஃபிள் போட்டி என்னும் கருத்தைக் கொண்டுவந்ததில் ரயில்வேக்குப் பங்குண்டு. விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு 1879இல் பாதை திறக்கப்பட்டது. பின்னர்த் திருவண்ணாமலை வழியே காட்பாடிக்கும் பாதை சென்றது. ரயில்வே நிறுவனங்களின் ஐரோப்பிய, ஆங்கிலோ-இந்திய ஊழியர்கள் தத்தம் நிறுவனத்தின் தொண்டர் துப்பாக்கிப்படையில் சேரவேண்டுமென்பது பணி நிபந்தனையாகவே இருந்தது. தென்னிந்திய ரயில்வேக்கும் அத்தகைய படை இருந்தது. ஓட்டுநரும் காவலரும் வார இறுதியில் சீருடை அணிந்து இலக்குச் சுடுவர். ஆண்டுதோறும் பரிசுக் கோப்பைகள் உண்டு. அதே ரயிலில் நிலக்கரி அள்ளிய தமிழ்த் தீமூட்டிக்கு அப்படையில் இடமில்லை.

முதல் உலகப்போர் இவ்வமைப்பைச் சற்று நெகிழ்த்தியது. போருக்குப் பின் ஆயுத விதிகளிலிருந்த இனவேறுபாடு நீக்கப்பட்டது. 1920இல் ஐரோப்பியர்க்கெனத் துணைப்படையும் இந்தியர்க்கெனப் பிரதேசப்படையும் இரு வேறு சட்டங்களால் அமைந்தன. பல்கலைக்கழகப் பயிற்சிப்படைகளில் கல்லூரி மாணவர் ரைஃபிளைத் தொட்டனர். விடுதலைக்குப்பின் 1948இல் தேசிய மாணவர் படை உருவானபோது அம்மரபே விரிவடைந்தது. தமிழக மாணவர் பலர் இன்றும் முதன்முதல் துப்பாக்கியைக் கையிலெடுப்பது, காக்கிச் சீருடையில், .22 ரைஃபிளோடு, மிகக் குறுகிய தொலைவில்தான்.

குழலளவின் அரசியல்

சட்டம் ஆளையும் இடத்தையும் மட்டுமன்றிக் குண்டின் பருமனையும் கட்டுப்படுத்தியது. படைத்துப்பாக்கிக்குப் பொருந்தும் தோட்டா பொதுமக்களிடம் புழங்கினால் அது கிளர்ச்சியாளர் கைக்குச் செல்லக்கூடும் என அஞ்சிய அரசு, 1907இல் .450 அளவுத் தோட்டாக்களை இந்தியாவில் தடைசெய்தது. அதன் விளைவாக இங்கிலாந்தின் துப்பாக்கி செய்வோர் .465, .470, .475 எனப் புதிய அளவுகளை உருவாக்கினர். யானை வேட்டை இலக்கியத்தில் புகழ்பெற்ற இவ்வளவுகள் அனைத்தும் ஓர் இந்தியத் தடையாணையின் பிள்ளைகள் என்பதை வேட்டை நூல்களின் வாசகர் பெரும்பாலோர் எண்ணிப்பார்ப்பதில்லை.

இவ்வச்சம் விடுதலையோடு மறையவில்லை. 1878ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் வந்த 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் அதன் விதிகளும் .303, 7.62 மி.மீ. போன்ற படை அளவுகளைத் தடைசெய்யப்பட்டவையாக வகைப்படுத்தின. ஈஷாப்பூர் தொழிற்சாலை குடிமக்களுக்கெனச் செய்யும் .315 ரைஃபிள் இவ்வேறுபாட்டின் விளைவே. உலகின் பிற பகுதிகளில் நெடுந்தொலைவு இலக்குச் சுடுதல் 7.62 மி.மீ. தோட்டாவைச் சுற்றியே வளர்ந்தது. இங்கோ அத்தோட்டா படையினர்க்கு எளிது, குடிமகனுக்கு அரிது. நெடுந்தொலைவு வீரர் ஏன் பெரும்பாலும் படையிலிருந்தே வருகின்றனர் என்னும் வினாவுக்கு இதுவே பெரும்பகுதி விடை. 1993இல் மாவ் நகரில் தொடங்கப்பட்ட படைத்துறைக் குறிசுடு பிரிவு அவ்வழியை மேலும் செப்பனிட்டது.

காற்றும் கானலும்

இவ்வளவு தடைகளுக்கு அப்பால் இருந்த கலைதான் என்ன? 1000 கஜம் என்பது 914 மீட்டர். இன்றைய இலக்கு ரைஃபிளின் குண்டு அத்தொலைவைக் கடக்க ஏறக்குறைய ஒன்றரை விநாடி ஆகும். அதற்குள் புவியீர்ப்பு அதை ஒன்பது, பத்து மீட்டர் கீழே இழுத்துவிடும். இவ்வீழ்ச்சி கணக்கிடக்கூடியது, குறிகாட்டியை அதற்கேற்ப உயர்த்தினால் போதும். உயர்த்தும் அளவு 'மினிட்' என்னும் கோணப்பகுதியால் எண்ணப்படும். ஒரு மினிட் 100 கஜத்தில் ஏறத்தாழ 2.7 செ.மீ.; 1000 கஜத்தில் 27 செ.மீ. புதிதாகக் கற்பவர் முதலில் பழகவேண்டிய கணக்கு இது. ஒவ்வொரு தொலைவுக்கும் தம் துப்பாக்கி வேண்டும் மினிட்டுகளைக் குறிப்பேட்டில் எழுதிவைப்பர். 300 கஜத்தில் கணக்கு உறுதியானபின் 600, அதன்பின் 1000 எனப் படிப்படியாக விலகிச் செல்வர்.

காற்றுக்கு அத்தகைய நிலையான கணக்கில்லை. மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்தில் குறுக்கே வீசும் மிதமான காற்று, 1000 கஜத்தில் குண்டை இரண்டு மீட்டருக்கு மேல் விலக்கிவிடும். இலக்கின் ஐந்துபுள்ளி வட்டமோ 61 செ.மீ. அளவினதே. ஆகவே கொடிகளின் சாய்வு, புல்லின் அசைவு, தூசி ஓடும் திசை ஆகியன இடைவிடாது நோக்கப்படும். அவற்றினும் நுண்ணியது கானல். பாலைத்திணைப் புலவர் பேய்த்தேர் எனவும் வெண்டேர் எனவும் வழங்கிய அதே வெப்ப அலைதான். தொலைநோக்கியில் கண்டால் கானல் நீரோட்டம்போல் ஒரு பக்கமாக ஓடும்; ஓடும் திசையே காற்றின் திசை, ஓட்டத்தின் சாய்வே வேகத்தின் அடையாளம். காற்று சுடுபவரின் நேர்முகத்திலிருந்தோ முதுகிலிருந்தோ வீசும்போதும், வீசாது நிற்கும்போதும் கானல் கொதிநீர்போல் மேல்நோக்கி எழும். அத்தருணத்தில் அனுபவமுடையோர் பெரும்பாலும் சுடாமல் காத்திருப்பர். அடுத்த கணம் எப்பக்கம் திரும்பும் என்பது தெரியாது. பாலைவழிச் செல்வோரை ஏமாற்றும் தோற்றமாக நம் இலக்கியம் கண்ட ஒன்று இங்கே மெய்யுரைக்கும் கருவியாகிறது.

விழுப்புரம் நிலப்பகுதி இக்கல்விக்கு மிகவும் ஏற்றது. காலையில் ஒரு காற்று, பிற்பகலில் புதுச்சேரிக் கரையிலிருந்து ஏறிவரும் கடற்காற்று, ஆடியில் மேற்கிலிருந்து அடிக்கும் வன்காற்று, மார்கழியில் வாடை எனத் திசை மாறிக்கொண்டேயிருக்கும். தென்றல், வாடை, கொண்டல், கோடை என நாற்றிசைக் காற்றுக்கும் தனித்தனிப் பெயர் வைத்த மொழி நம்முடையது. ஆங்கிலப் பயிற்சி நூல்கள் காற்றின் திசையைக் கடிகார எண்களால் குறிப்பது போல் இப்பெயர்களைப் பயிற்சிச் சொற்களாகக் கொள்ளலாம். திடல் எத்திசை நோக்கியது என்பது தெரிந்தால் வேறு விளக்கம் வேண்டியதில்லை.

இன்றைய வாயில்கள்

இந்திய தேசிய ரைஃபிள் சங்கம் 1951இல் தோன்றியது. மக்களவைத் தலைவர் கணேஷ் வாசுதேவ் மாவலங்கர் அதன் முதல் தலைவர். மதராஸ் ரைஃபிள் கிளப் 1952இல் தொடங்கப்பெற்றது. இன்று கற்க விழையும் இளைஞர்க்கு எளிதில் திறக்கும் வாயில் காற்றுத்துப்பாக்கி. 4.5 மி.மீ. அளவும், 20 ஜூலுக்குட்பட்ட ஆற்றலும் உடைய காற்றுத்துப்பாக்கிக்கு 2016ஆம் ஆண்டு விதிகளின்படி உரிமம் வேண்டுவதில்லை. 10 மீட்டர் தொலைவில், அரை மி.மீ. அளவுள்ள நடுப்புள்ளியைக் குறிவைக்கும் இப்போட்டிக்கு ஓர் அறை போதும். கடலூரில் பிறந்து குஜராத்தில் வளர்ந்து பயின்ற இளவேனில் வாலறிவன், 2019இல் உலகக்கோப்பைத் தங்கம் வென்று, டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக் போட்டிகளில் இந்தியாவுக்காகக் களமிறங்கியது இவ்வாயில் வழியேதான்.

அறைக்குள் தொடங்கியவர் வெளியே வர விரும்பினால் 50 மீட்டரில் .22 ரைஃபிள் உள்ளது. கிளப் உறுப்பினராகி உரிமம் பெறவேண்டும். அடுத்த படி 300 மீட்டர். அங்கே படை அளவுத் தோட்டாவும் படைத்துறைத் திடலும் குறுக்கிடுகின்றன. 1000 கஜத்துக்கு நிலமே பெருந்தடை. இலக்கு மேட்டைத் தவறிய 7.62 மி.மீ. குண்டு நான்கு கிலோமீட்டர் வரை செல்லக்கூடும். விழுப்புரத்திலிருந்து திருவாமாத்தூர் ஆறு கிலோமீட்டர் அளவே. இடையில் வயல், ஏரி, தெரு, பள்ளி எல்லாம் உள்ளன. அரைக் கல்லுக்கு ஓர் ஊர் அமைந்த ஆற்றுப்படுகையில் அத்திடலுக்கு இடம் தேடுவது வீண். செஞ்சிக் குன்றுகள் போன்ற இயற்கை அரண்கள் மட்டுமே குண்டைத் தாங்கவல்லன. அவையோ தொல்லியல் பாதுகாப்பிலும் காப்புக்காடுகளிலும் உள்ளன. அவ்வாறே இருப்பதுதான் முறையும்கூட.

இவ்வரலாற்றில் இதுவரை பேசப்படாத சுடுநர் ஒரு சாரார் உள்ளனர். நாட்டுத்துப்பாக்கியை இன்றும் கெட்டித்துச் சுடும் அறிவு நரிக்குறவர் சமூகத்தில் எஞ்சியிருக்கிறது. அவர்தம் ஒற்றைக்குழல் துப்பாக்கி 18ஆம் நூற்றாண்டுக் கருவியின் நேர்வாரிசு. குழலில் வரியில்லை, தொலைவில்லை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அவர்தம் வேட்டையை முடிவுக்குக் கொண்டுவந்தது. சட்டத்தின் தேவையை மறுப்பதற்கில்லை. பழங்குடியினர் பட்டியலில் அவர்கள் சேர்க்கப்பட அரை நூற்றாண்டு ஆயிற்று. அவர்தம் குறிபார்க்கும் திறனை விளையாட்டுத் துறை ஒரு வளமாக எண்ணியதற்கான அடையாளம் ஏதும் என் பார்வையில் படவில்லை. தேர்தல் அறிவிக்கப்படும்போது உரிமம் பெற்ற துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க ஆணை வரும். ரைஃபிள் சங்கத்தில் பதிவுபெற்ற போட்டி வீரர்க்கு அதிலிருந்து விலக்குண்டு. பயிர்க்காவலுக்கு உரிமம் பெற்ற உழவனும் நாட்டுத்துப்பாக்கி உரிமம் பெற்ற நரிக்குறவரும் காவல் நிலைய வாயிலில் வரிசையில் நிற்பர்.